வலம்புரிக்கு எது வலப்பக்கம்?

வலம்புரிச் சங்கு எந்தப் பக்கம் சுத்தும்? "வலப்பக்கம், இதெல்லாம் ஒரு கேள்வியாய்யா"ன்னு கேக்குறவங்க ஒரு நிமிஷம் இருங்க. விலங்கியல் படிச்சவங்க அதை இடஞ்சுழின்னுதான் சொல்லுவாங்க!

விஷயம் ரொம்ப சிம்பிள். நாம சங்கோட சுருள் பக்கத்தைக் கீழயும், நீண்ட முனையை மேலயும் வச்சுப் பார்க்கிறோம். வாய் வலப்பக்கம் தெரிஞ்சா வலம்புரி. அவங்க அதையே தலைகீழா, சுருளை மேல வச்சுப் பார்க்கிறாங்க. வாய் இடப்பக்கம் போயிடுது. ஸ்கூல் கிராஃப்ல ஒய் அச்சு மேல ஏறும், நம்ம மானிட்டர்ல அதே ஒய் கீழ இறங்கும் இல்லையா, அந்த மாதிரி. சங்கு மாறல, பிடிக்கிற கைதான் மாறுது.

எனக்கு ஊர் மணப்பாடு. 1542ல் சவேரியார் வந்திறங்கிய கடற்கரை. இந்தப் பக்கம் கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். சங்குகுளிக்கிறது அதுக்கப்புறமும் நிக்கல. மேல வர்றதெல்லாம் கிட்டத்தட்ட இடம்புரிதான். வலம்புரி அபூர்வம், அதனால விலை. விலை இருக்கிறதால போலி.

ஆபீஸ்ல ஒரு அக்கா, வீட்டுக்கடன் கழுத்தை நெரிச்ச நேரத்துல, பதினெட்டாயிரம் கொடுத்து ஒரு 'வலம்புரி' வாங்கிட்டாங்க. "நீ கடற்கரைக்காரன்தானே தம்பி, பார்த்துச் சொல்லு"ன்னு கையில கொடுத்தாங்க.

வாய்க்குள்ள நடுத்தண்டைப் பார்த்தேன். நம்ம சங்குன்னா அங்க மூணு நாலு மடிப்பு வரிவரியா இருக்கும். இதுல ஒண்ணுகூட இல்ல, வழவழன்னு இருந்துச்சு. இது அமெரிக்கக் கடலோரத்து 'லைட்னிங் வெல்க்'. 1987ல் டெக்சாஸ் தன்னோட மாநிலச் சிப்பியா அறிவிச்சதும் இதைத்தான். அந்த இனத்துல இப்படிச் சுத்துறதுதான் சாதாரணம்!

இன்னொரு கூத்து மலேசியாவுல. ஆம்ஃபிட்ரோமஸ் இன்வெர்சஸ்னு ஒரு மரநத்தை. ஒரே இனம், ஒரே தீவு, ஆனா வலஞ்சுழியும் இடஞ்சுழியும் கலந்தே வாழுது. பொதுவா நத்தைகள்ல எதிர்ப்பக்கம் சுத்துறது ஜோடி சேர்றது கஷ்டம், உறுப்பு எதிர்ப்பக்கம் இருக்கும். அதனாலயே மாறிச் சுத்துறது பெருகாம அபூர்வமாவே நின்னுடுது. இந்த மரநத்தை மட்டும் எதிர்ச்சுழியோடதான் அதிகமா ஜோடி சேருதுன்னு 2007ல் ஷில்தாய்சன் குழு எழுதிச்சு. அந்த மரத்துல போய் 'வலம்புரி'க்கு விலை சொன்னா சிரிச்சுடும் :-)

ஆக, சுழியில நல்லது கெட்டது இல்ல. எது குறைச்சலோ அதுக்கு நாம காசு கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

அக்காகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "வீட்டுல அவர்கிட்ட சொல்லிடாதே தம்பி, அதை வாங்கின நாள்லேர்ந்துதான் அவர் நல்லாத் தூங்குறார்"ன்னாங்க. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டார். தவணை இன்னும் ஓடுது.

உங்க வீட்டுல யாராவது வாங்கப் போனா, காசு கொடுக்கும் முன்னாடி வாய்க்குள்ள மடிப்பு இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க.