காஸ்டிக் சோடா பட்டா முதல்ல தண்ணி, அப்புறம்தான் ஆஸ்பத்திரி

1/
சாயப்பட்டறைகள் நிறைய இருக்கிற பகுதியில ஒரு அரசு மருத்துவமனையோட அவசர சிகிச்சைப் பிரிவுல வேலை பார்க்கிறேன். காஸ்டிக் சோடா பட்டு வர்றவங்களைத் தொடர்ந்து பார்க்கிறதால இந்த த்ரெட். கொஞ்சம் நீளம்தான். பட்டறையில வேலை செய்றவங்க, வீட்டுல சோப்பு தயாரிக்கிறவங்க, அடைச்ச சிங்க்குக்குப் பவுடர் வாங்கிப் போடுறவங்க, மூணு பேருமே பொறுமையா படிச்சிடுங்க.

2/
முதல்ல பேர்க் குழப்பத்தைத் தீர்த்துடுவோம். நம்ம ஊர்ல எல்லாமே "சோடா"தான். ஆப்பத்துக்குப் போடுறது சமையல் சோடா. துணிக்குப் போடுறது சலவை சோடா. இது ரெண்டும் வேற. காஸ்டிக் சோடாங்கிறது சோடியம் ஹைட்ராக்சைடு. வெள்ளை வெள்ளையா செதில் மாதிரி இருக்கும். உப்புத் தண்ணியில மின்சாரம் செலுத்தித் தயாரிக்கிறாங்க. மேட்டூரிலயும் தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்திலயும் இதுக்குன்னு ஆலைகள் பல காலமா இருக்கு. பருத்தி நூலுக்குப் பளபளப்பு ஏத்த, காகிதம் செய்ய, சோப்பு செய்ய, கழிவுநீரைச் சுத்திகரிக்கன்னு இது இல்லாத தொழிலே குறைவு.

அதனால "இதைத் தடை பண்ணுங்க"ன்னு நான் சொல்ல வரல. கூடவே வாழ வேண்டிய பொருள். எப்படி வாழணும்னு தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.

3/
ஆசிட்னா எல்லாருக்கும் பயம் இருக்கு. காஸ்டிக்குக்கு அந்தப் பயம் இல்லை. ஆனா உடம்புக்குள்ள இறங்குறதுல பல நேரம் காஸ்டிக்தான் மோசம்.

ஏன்? ஆசிட் பட்ட இடத்துல சதை வெந்து கெட்டியாகி ஒரு பொருக்கு மாதிரி ஆகும். அந்தப் பொருக்கே ஆசிட் இன்னும் ஆழமா போகாம ஓரளவு தடுக்கும். காஸ்டிக் அப்படி இல்லை. அது கொழுப்பைச் சோப்பா மாத்தும், புரதத்தைக் கரைக்கும். தேங்காய் எண்ணெயில காஸ்டிக் கலந்தா சோப்பு வருதுல்ல, அதே வேதிவினைதான் உங்க தோல்லயும் நடக்குது. கையில பட்டதும் வழுவழுன்னு இருக்கும். அந்த வழுவழுப்புல பாதி உங்க தோலோட கொழுப்பு கரைஞ்சு உண்டான சோப்பு! சதை கொழகொழன்னு ஆகுறதால தடுப்பே இல்லாம மேல மேல இறங்கிக்கிட்டே இருக்கும்.

இதுல இன்னொரு ஏமாத்து வேலையும் உண்டு. தோல்ல பட்ட உடனே பெருசா வலிக்கணும்னு இல்லை. "லேசா அரிக்குது சார், ஷிப்ட் முடிச்சிட்டுக் கழுவிக்கலாம்னு இருந்தேன்"னு வர்றவங்க காலைப் பார்த்தா ஷூவுக்குள்ள தோல் வெந்து உரிஞ்சிருக்கும்.

4/
சரி, பட்டுடுச்சு. என்ன பண்ணணும்?

தண்ணி. தண்ணி. தண்ணி.

தோல்ல பட்டா:
செதிலா ஒட்டியிருந்தா முதல்ல காஞ்ச துணியாலயோ பிரஷ்ஷாலயோ தட்டி விடுங்க. அப்புறம் ஓடுற தண்ணியில கழுவுங்க. வெட்கம் பார்க்காம சட்டை, பேன்ட், ஷூ, சாக்ஸ் எல்லாத்தையும் கழட்டணும். மோதிரம், வாட்ச், கையில கட்டுன கயிறு, அரைஞாண்கயிறு இதெல்லாமும்தான். ஈரக் கயித்துக்கு அடியில காஸ்டிக் உக்காந்துக்கும். பனியனைத் தலைவழியா உருவாதீங்க, முகத்துல படும். கத்தரிச்சு எடுங்க.

எவ்வளவு நேரம்? குறைஞ்சது அரை மணி நேரம். நாலு குவளை தண்ணி ஊத்துறது கழுவுறது ஆகாது. கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம். ஒருத்தர் ஊத்தட்டும், இன்னொருத்தர் 108-க்குக் கூப்பிடட்டும்.

5/
எலுமிச்சம்பழம், வினிகர், புளித்தண்ணி எதுவும் வேண்டாம். "காரத்துக்கு அமிலம்"னு ஸ்கூல்ல படிச்சது சரிதான், ஆனா அது சோதனைக் குழாய்க்கு. உடம்பு மேல அதைச் செஞ்சா ஒண்ணு அந்த வினையில சூடு கிளம்பும், ரெண்டாவது எலுமிச்சம்பழம் தேடி ஓடுற நேரம் வீணாகும். பேஸ்ட், மஞ்சள், இங்க், தேங்காய் எண்ணெய் எதையும் தடவாதீங்க.

6/
கண்ணுல பட்டா, இதைத்தான் நீங்க மறக்கவே கூடாது.

ஒரே மாசத்துல நான் பார்த்த ரெண்டு பேரைப் பத்திச் சொல்றேன். ரெண்டு பேருமே முப்பது வயசுக்குள்ள, ரெண்டு பேரும் தனித்தனி பட்டறை. ரெண்டு பேருக்குமே காஸ்டிக் கரைசல் கண்ணுல தெறிச்சிருக்கு.

முதல் ஆளைக் கூட வேலை செஞ்ச ஒரு அண்ணன் அப்படியே தொட்டிக்கு இழுத்துட்டுப் போய், கீழ உக்கார வச்சு, இமையை விரலால பிரிச்சுப் பிடிச்சு ஹோஸ்ல தண்ணி விட்டிருக்கார். "அவன் போதும் போதும்னு கத்துனானுங்க சார், நான் விடலைங்க"ன்னார். அரை மணி நேரத்துக்கு மேல கழுவிட்டுத்தான் வண்டி ஏத்தியிருக்கார். அந்த அண்ணன் எட்டாவது வரைக்கும் படிச்சவர்.

ரெண்டாவது ஆளை முதலாளியோட கார்லயே உடனே ஏத்திட்டாங்க. ஏசி கார். நாப்பது நிமிஷம் பயணம். வழியெல்லாம் ஈரக் கர்ச்சீப்பால ஒத்திக்கிட்டே வந்தார். நாங்க கண்ணுல பி.எச். தாள் வச்சுப் பார்த்தப்ப, நல்ல ஊதா. அதாவது அந்த நாப்பது நிமிஷமும் காஸ்டிக் உள்ள வேலை பார்த்துக்கிட்டே வந்திருக்கு.

முதல் ஆள் ரெண்டு வாரத்துல வேலைக்குப் போயிட்டார். ரெண்டாவது ஆளுக்கு அந்தக் கருவிழி வெந்த முட்டை வெள்ளை மாதிரி ஆயிடுச்சு. இப்ப அந்தக் கண்ணுல வெளிச்சம் மட்டும்தான் தெரியுது. வேகமா ஆஸ்பத்திரி வந்தவர் அவர்தான்!

7/
அதனால, கண்ணுல பட்டா:
இருக்கிற இடத்துலயே கழுவ ஆரம்பிங்க. குடிக்கிற தண்ணி, குழாய்த் தண்ணி, தொட்டித் தண்ணி, எது பக்கத்துல இருக்கோ அது. சுத்தமான தண்ணி தேடி நேரத்தை விடாதீங்க.
தலையைப் பட்ட கண்ணு பக்கமா சாய்ச்சு, மூக்குப் பக்கத்துல இருந்து காது பக்கமா தண்ணி ஓடணும். இல்லைன்னா நல்ல கண்ணுக்கும் போயிடும்.
வலியில கண்ணு இறுக மூடிக்கும். அவரால திறக்க முடியாது, இன்னொருத்தர்தான் இமையைப் பிரிச்சுப் பிடிக்கணும். கண்ணை மேல, கீழ, ரெண்டு பக்கமும் சுழட்டச் சொல்லுங்க.
கான்டாக்ட் லென்ஸ் இருந்தா கழுவிக்கிட்டே எடுத்துடுங்க.
அரை மணி நேரம். ஆம்புலன்ஸ்ல வரும்போதும் முடிஞ்சா தொடர்ந்து ஊத்துங்க.

இங்க வந்தப்புறம் மரத்துப்போற சொட்டு மருந்து விட்டு, குளுக்கோஸ் ஏத்துற டியூப் வழியா சலைன் விட்டுக் கழுவுவோம். இமையைப் பிரட்டி உள்ள செதில் ஒட்டியிருக்கான்னு பார்ப்போம். பி.எச். 7 பக்கம் வந்து, கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தாலும் அங்கயே நிக்கிற வரைக்கும் விடமாட்டோம்.

8/
"கண்ணு சிவக்கவே இல்லை சார், வெள்ளையாத்தான் இருக்கு"ன்னு நிம்மதியா சொல்வாங்க. காஸ்டிக் விஷயத்துல அது நல்ல செய்தியா இருக்கணும்னு இல்லை. சிவப்புன்னா ரத்தக் குழாய் உயிரோட இருக்கு. கருவிழி ஓரம் வெளிறிப் போயிருந்தா, அங்க ரத்த ஓட்டமே நின்னு போயிருக்கலாம். கருவிழிக்குப் புதுத் தோல் தர்ற செல்கள் அந்த ஓரத்துலதான் இருக்கு. அதனால சிவந்தாலும் சிவக்காட்டியும் கண் டாக்டரைப் பார்த்தே ஆகணும்.

9/
குடிச்சுட்டா? இங்கதான் எங்களுக்கும் உறவினர்களுக்கும் சண்டையே வரும்.

ஒரு ராத்திரி நாலு வயசுக் குழந்தையைத் தூக்கிட்டு வந்தாங்க. வீட்டுல சோப்பு போடுறதுக்காகக் காஸ்டிக்கைக் கரைச்சுத் தண்ணி பாட்டில்ல ஊத்தி வச்சிருக்காங்க. குழந்தை தாகத்துக்கு எடுத்து ஒரு வாய் குடிச்சிருக்கு. எச்சில் ஒழுகிக்கிட்டே இருக்கு, முழுங்க முடியல.

தாத்தா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "வயித்தைக் கழுவுங்க சாமி, ஏன் சும்மா நிக்கிறீங்க? விஷம் குடிச்சா கழுவணும்னு எங்களுக்கே தெரியுதுங்களே"ன்னு அழறார். பூச்சிமருந்து கேஸ்கள்ல வயிறு கழுவுறதைப் பார்த்துப் பழகின ஊர். அவர் கேட்டதுல தப்பே இல்லை.

ஆனா காஸ்டிக் குடிச்சவங்களுக்கு வயித்தைக் கழுவக் கூடாது. வெந்து நைஞ்சு போன உணவுக்குழாய் வழியா குழாயைத் தள்ளினா கிழிஞ்சுடும். வாந்தி எடுக்க வச்சா, இறங்கும்போது ஒரு தடவை சுட்டது ஏறும்போது இன்னொரு தடவை சுடும். மூச்சுக் குழாய்க்கும் போகும். கரித்தூளும் உபயோகம் இல்லை, காஸ்டிக்கை அது பிடிச்சு வைக்காது.

10/
வீட்டுல நீங்க செய்ய வேண்டியது:
வாயைத் தண்ணியால கொப்பளிச்சுத் துப்பச் சொல்லுங்க. சின்னக் குழந்தைன்னா ஈரத் துணியால வாயைத் துடைச்சு விடுங்க. முகத்துல, கழுத்துல வழிஞ்சிருந்தா கழுவுங்க.
உப்புத்தண்ணி, மோர், பால், முட்டை வெள்ளைக்கரு, எலுமிச்சைச் சாறு எதையும் குடிக்கக் குடுக்காதீங்க.
தொண்டையில விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீங்க.
108. குரல் மாறினாலோ, மூச்சு விடும்போது கீச்சுன்னு சத்தம் வந்தாலோ ஒரு நிமிஷம்கூட தாமதிக்காதீங்க, மூச்சுப் பாதை வீங்குதுன்னு அர்த்தம்.
குடிச்ச பாட்டிலையும், ஒரிஜினல் பாக்கெட்டையும் கையோட எடுத்துட்டு வாங்க.

"வாயில புண்ணே இல்லை, அப்ப ஒண்ணும் ஆகல"ன்னு வீட்டுலயே இருந்துடாதீங்க. வாய் நல்லா இருந்து உள்ள உணவுக்குழாய் வெந்திருக்கலாம். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள்ள எண்டோஸ்கோப்பி பண்ணிப் பார்த்தாத்தான் தெரியும்.

11/
அந்தக் குழந்தை பிழைச்சுக்கிச்சு. ஆனா இதுல பிழைக்கிறது பாதிக் கதைதான். சில வாரம் கழிச்சுப் புண் ஆறும்போது தழும்பு இறுகி உணவுக்குழாய் சுருங்கும். முதல்ல சோறு இறங்காது, அப்புறம் கஞ்சி, அப்புறம் தண்ணி. திரும்பத் திரும்ப மயக்க மருந்து குடுத்து, அதை விரிச்சு விடணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு மாசாமாசம் அம்மா தூக்கிட்டுப் போறாங்க. வயித்துல ஓட்டை போட்டுக் குழாய் வழியா சாப்பாடு. வெளியில பார்க்கிறவங்களுக்கு இது எதுவுமே தெரியாது.

12/
இனி வராம தடுக்கிறது. கலக்கும்போது ஒரே ஒரு விதி: தண்ணியிலதான் காஸ்டிக்கைப் போடணும், காஸ்டிக் மேல தண்ணி ஊத்தவே கூடாது. கரையும்போது கையே வைக்க முடியாத அளவு கொதிக்கும். செதில் மேல தண்ணி ஊத்தினா, ஊத்தின கொஞ்சத் தண்ணி குபுக்குன்னு கொதிச்சு முகத்துலயே அடிக்கும். பச்சைத் தண்ணி எடுத்துக்கோங்க, வெந்நீர் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமா போட்டுக் கலக்குங்க.

அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காஸ்டிக் அலுமினியத்தை அரிச்சு ஹைட்ரஜன் வாயு வரும், அது தீப்பிடிக்கும். கெட்டி பிளாஸ்டிக் வாளியோ எவர்சில்வரோ எடுங்க.

சிங்க்கும் அப்படித்தான். பவுடரைப் போட்டு அடைப்பு போகலன்னா மேல பாத்ரூம் ஆசிட்டை ஊத்துறாங்க. ரெண்டும் சேர்ந்தா அங்கயே வெடிச்சுத் தெறிக்கும்.

13/
பட்டறையில:
மூக்குக்கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. நாலு பக்கமும் மூடுற காகிள்ஸ் வேணும். ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறை, ஏப்ரன், ரப்பர் பூட்ஸ். தோல் ஷூ வேண்டாம், தோலையே கரைக்கிற பொருள் அது. பேன்ட்டை பூட்ஸுக்குள்ள சொருகாதீங்க, வெளிய விடுங்க. இல்லைன்னா வழியிறது நேரா பூட்ஸுக்குள்ளதான் இறங்கும்.

கண் கழுவும் குழாயும் அவசர ஷவரும் ஆபத்து நடக்கிற இடத்துல இருந்து 10 நொடியில போய்ச் சேர்ற தூரத்துல இருக்கணும், 15 நிமிஷமாவது நிக்காம தண்ணி வரணும்னு ஒரு அமெரிக்க அளவுகோல் இருக்கு. வாரம் ஒரு தடவை திறந்து பார்க்கணும். சித்திரை வெயில்ல மொட்டை மாடித் தொட்டித் தண்ணி கொதிச்சுக் கிடந்தா, அரை மணி நேரம் யாரு கண்ணைக் காட்டுவா? அந்தத் தொட்டிக்கு ஒரு நிழல் போடுங்க முதலாளிகளே. பெரிய செலவு இல்லை.

14/
இன்னொண்ணு. அந்த ரெண்டாவது ஆள் வந்த அன்னிக்கு, கூட வந்த ஒருத்தர் என்னைத் தனியா கூப்பிட்டு, "வீட்டுல பாத்ரூம் கழுவும்போது பட்டதுன்னு எழுதிக்கோங்க சார்"னார். நோயாளி சொன்னபடி எங்க, எப்படி நடந்ததுன்னு நான் எழுதினேன்.

தொழிலாளர்களுக்கு இதைச் சொல்றேன். அரசு மருத்துவமனையில முதல்ல போடுற விபத்துப் பதிவேடு, அதான் ஏ.ஆர். காப்பி, ரொம்ப முக்கியம். இ.எஸ்.ஐ. பலனா இருந்தாலும், வேலை விபத்துக்கான இழப்பீடா இருந்தாலும், வேலை செய்ற இடத்துல வேலை நேரத்துல நடந்ததுன்னு காட்ட அது பெரிய ஆதாரம். "முதலாளி நல்லவர், பார்த்துப்பார்"னு இருக்கலாம். இருக்கட்டும். பதிவு உண்மையா இருக்கட்டும்.

15/
செவாலியர் ஜாக்சன்னு ஒரு அமெரிக்க டாக்டர். நூறு வருஷம் முன்னாடி காஸ்டிக் குடிச்சு உணவுக்குழாய் சுருங்கின குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். அப்ப அங்க வீட்டுக்கு வீடு சுத்தம் பண்ண இதைத்தான் வச்சிருப்பாங்க, டப்பா மேல எச்சரிக்கைகூட இருக்காது. வைத்தியத்தோட நிக்காம, வருஷக்கணக்கா போராடினார். 1927-ல "விஷம்"னு லேபிள் ஒட்டியே தீரணும்னு அங்க சட்டம் வந்துச்சு.

இன்னிக்கு நம்ம ஊர் பாக்கெட்லயும் எச்சரிக்கை இருக்கு. ஆனா நாம அதைப் பிரிச்சுத் தண்ணி பாட்டில்லயோ ஹார்லிக்ஸ் பாட்டில்லயோ மாத்தின நிமிஷம் அந்த லேபிள் குப்பைக்குப் போயிடுது. அவர் வாங்கிக் குடுத்ததை நாமளே கிழிச்சுப் போடுறோம்.

16/
அதனால இன்னிக்கு ராத்திரியே ஒரு வேலை. சமையல்கட்டு, பாத்ரூம், பரண், பட்டறை ஷெல்ஃப் எல்லாத்தையும் ஒரு பார்வை பாருங்க. குடிக்கிற பாட்டில்ல குடிக்கக் கூடாதது எது இருந்தாலும் அப்புறப்படுத்துங்க. காஸ்டிக்கை அதோட சொந்தப் பாக்கெட்லயே, ஈரம் படாம, பூட்டி உயரத்துல வையுங்க. கரைச்சா தேவையான அளவு மட்டும் கரைங்க, மிச்சம் வைக்காதீங்க.

பட்டறையில வேலை செய்ற சொந்தக்காரங்க இருந்தா 4, 7, 10 மூணையும் வாட்ஸ்அப்ல அனுப்பி வையுங்க. படிக்கத் தெரியாதவங்களுக்கு வாய்ஸ் நோட்டா பேசி அனுப்புங்க.

சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, டூட்டி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.