இடைவெளி இல்லாத தண்டவாளம்

வெயிலில் நீள்வதற்காகத் தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி விடுவார்கள் என்று பள்ளியில் படித்ததை விருத்தாசலம் பக்கம் ஒரு ரயில் பாதையோரம் நின்று சொன்னேன். பாதைப் பணியாளர் குழுவின் தலைவரான மேட் சிரித்துவிட்டார். “அது ஃபிஷ் பிளேட் போட்டு முனைகளை இணைச்ச காலம் சார். இப்ப கிலோமீட்டர் கணக்கா ஒரே தண்டவாளம்தான்.”

அப்படியானால் வெயிலுக்கு அது என்ன செய்யும்? ஒரு கிலோமீட்டர் தண்டவாளத்தை அதன் போக்கில் விட்டால், 20 டிகிரி சூடு ஏறும்போது சுமார் 23 சென்டிமீட்டர் நீளும். ஸ்லீப்பரும் கிளிப்பும் ஜல்லியும் சேர்ந்து அதை நீளவிடாமல் பிடித்திருக்கின்றன. இரு கோடிகளிலும் நூறு மீட்டர் அளவுக்குத்தான் அசைவு உண்டு; நடுப்பகுதி நகர்வதே இல்லை. நீள முடியாத இரும்பு உள்ளுக்குள் நெரிபடுகிறது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 1.8 டன் விசை. 20 டிகிரிக்குக் கணக்குப் போட்டால் 36 டன்! ஜல்லி சரிந்த இடம் அகப்பட்டால் பாதையே பக்கவாட்டில் நெளிந்துவிடும். குளிரில் அதே விசை இழுவையாக மாறி, சரியாக ஒட்டாத பற்றவைப்பைப் பிளக்கும்.

அதனால் தண்டவாளத்தின் சூடு எல்லை மீறும் கோடை மதியங்களில் டிராக்மேன்கள் பாதையோடு நடந்து கண்காணிக்கிறார்கள். ஊரே நிழல் தேடும் நேரம்தான் அவர்களுக்கு வேலை நேரம். தண்டவாளத்தின் சூட்டை அளக்கக் கருவி வைத்திருக்கிறோம். அதன் மேல் நடப்பவர் தலைக்கு ஒரு நல்ல தொப்பியாவது எல்லா இடத்திலும் கிடைக்கிறதா என்று கேட்டேன். பதில் வரவில்லை.

ரயில்களை நிறுத்திவைக்கும் பிளாக் கிடைத்ததும், தண்டவாளங்களை ஒன்றாக்கும் வெல்டிங் தொடங்கியது. இரண்டு முனைகளுக்கு நடுவே 25 மில்லிமீட்டர் இடைவெளி. வெல்டர் ஒரு மீட்டர் நீள மட்டப் பட்டையை வைத்துப் பார்த்து, ஆப்பு அடித்து முனைகளை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கி வைத்தார். மட்டமாக வைத்தால் என்ன? தண்டவாளத்தின் தலை தடிமன், அடிப்பாகம் மெல்லிசு. அடி முதலில் ஆறிவிடும். தலை கடைசியில் ஆறிச் சுருங்கும்போது இணைப்பு கீழே தொய்ந்துவிடும். அந்தத் தொய்வை முன்கூட்டியே கணக்கில் சேர்க்கிறார்.

இருபுறமும் மோல்டைப் பொருத்தி, கசியாமல் ஈர மணலை அப்பி, மேலிருந்து பர்னரை இறக்கினார்கள். முனைகள் 600 டிகிரியை எட்ட வேண்டும். கொடுக்கிற சூட்டையெல்லாம் நீண்டு கிடக்கும் இரும்பு பின்னால் கடத்திக்கொண்டே இருப்பதால் அவசரப்பட முடியாது. கறுப்புக் கண்ணாடி வழியே வெல்டர் உள்ளே பார்த்துக்கொண்டே சொன்னார்: “தலை செவந்துட்டுதேன்னு நிறுத்திடக் கூடாது சார். அடி ஓரம் செவக்கணும்.” முனை குளிர்ந்திருந்தால் ஊற்றிய எஃகு தொட்ட இடத்திலேயே உறைந்துவிடும். வெளியே பார்க்க ஒட்டியது போலிருக்கும், உள்ளே ஒட்டியிருக்காது. மீயொலிச் சோதனையில்தான் குட்டு வெளிப்படும்.

பிறகு மூசையில் இருந்த பொடிக்குத் தீ வைத்தார். இரும்பு ஆக்சைடும் அலுமினியமும் கலந்த கலவை. ஜெர்மானியர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1895இல் காப்புரிமை பெற்ற முறை. அரை நிமிடத்துக்குள் 2,500 டிகிரியை ஒட்டிக் கொதித்து, அடைப்பு உருகி, எஃகு தானாகவே மோல்டுக்குள் இறங்கியது. பார்க்க வந்தவர்களெல்லாம் இதைத்தான் படம் எடுப்பார்கள் போல. வேலையின் சூட்சுமம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

சிவப்பு மாறுவதற்குள் மேலே துருத்திய உலோகத்தை வெட்டி எடுத்தார்கள். பக்கத்தில் குடத்தில் தண்ணீர் இருந்தது, குடிக்க மட்டும். தண்டவாள எஃகில் கார்பன் அதிகம். சட்டென்று குளிர்ந்தால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். ஆகவே மழை வந்தால் மறைப்புப் பிடிப்பார்களாம். குறைந்தது அரை மணி நேரம் கழித்துத்தான் அதன் மேல் ரயில்.

சின்ன அலுமினியத் தகட்டில் மாதம், வருடம், இணைப்பு எண், வெல்டரின் குறியீடு எல்லாம் பொறித்துத் தண்டவாளத்தின் பக்கவாட்டில் ஒட்டுகிறார்கள். “எப்ப உடைஞ்சாலும் முதல்ல இந்த நம்பரைத்தான் பாப்பாங்க” என்றபடி வெல்டர் தகட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த இணைப்புக்கு மோல்டை எடுக்கச் சொன்னார்.