பின்கதவு

மலர்க்குழு அண்ணன் வந்து, "சிவில்ல இருந்து ஒரு கட்டுரை வேணும், பாலம், அணைன்னு ஏதாவது எழுதிக் குடும்மா" என்றார். பாலத்தைப் பற்றி எழுத எங்கள் வகுப்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எங்கள் வீட்டுப் பின்கதவைப் பற்றி எழுதுகிறேன். நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் டவுனிலிருந்து 22 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கடைசி பஸ் இரவு எட்டு மணிக்கு. அதை விட்டால் காலை ஆறரைதான். பக்கத்து வீட்டு அக்காவை அவர் வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்து அடிப்பது ஒன்பது மணிக்கு மேல்.

கதவு தட்டும் சத்தம் கேட்டால் அம்மா விளக்குப் போடாமல் போய்த் திறப்பார். "என்ன ஆச்சு?" என்று கேட்டதே கிடையாது. பாயை விரித்து, சோறு இருந்தால் போட்டு, பிள்ளைகள் இரண்டையும் என் பக்கத்தில் படுக்க வைப்பார். விடிந்ததும் அக்கா முகம் கழுவிக்கொண்டு களை எடுக்கப் போய்விடுவார். என் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான்.

டிப்ளமோ சேர்ந்த வருடம் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். எங்கள் குடும்பத்திலேயே முதலில் படிக்க வந்தவள் நான்தானே! ஒரு ராத்திரி அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "எதுக்குக்கா அடி வாங்கிக்கிட்டே இருக்கீங்க? போலீஸ்ல சொல்ல வேண்டியதுதானே? படிக்காதவங்கன்னா இப்படித்தான்."

அக்கா கோபப்படவில்லை. "சொல்லிட்டு ராத்திரிக்கு எங்க கண்ணு வர்றது?" என்றார்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் யாரும் கதவைத் தட்டவில்லை. அடி நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வரக் கூச்சப்பட்டு, பிள்ளைகளோடு மாட்டுக்கொட்டகையில் படுத்திருக்கிறார். இடது மணிக்கட்டு உடைந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நம் செமினார் ஹாலில் ஒரு வக்கீல் அம்மா வந்து பேசினாரே, ஞாபகம் இருக்கிறதா? பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தோம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-இல் வந்தது, 2006 அக்டோபரிலிருந்து அமலில் இருக்கிறது என்றார். வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே வாழ்கிற மனைவிக்கு அங்கேயே இருக்க உரிமை உண்டு, சட்டப்படி அல்லாமல் வெளியே தள்ள முடியாது என்று அவர் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அக்கா கேட்ட கேள்விக்கு அல்லவா பதில்! மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர்கூட அவரிடம் தகவல் சொல்லலாம், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, அவசரத்துக்கு 181 என்றெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

முதலில் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு விஷயத்தை மட்டும் சொன்னேன், உபதேசம் செய்யவில்லை. மூன்று வாரம் யோசித்துவிட்டு, "நீ கூட வருவியா?" என்றார்.

முதல் தடவை போனபோது அலுவலர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போச்சு. இரண்டாம் தடவை உட்கார வைத்து விசாரித்தார்கள். எந்தத் தேதி, என்ன நேரம், எந்த இடம் என்று எல்லாம் வேண்டும். அக்காவுக்குத் தேதி தெரியாது. "மாரியம்மன் பண்டிகைக்கு முந்தின நாள்", "கடலைக்காய் பிடுங்கின வாரம்" என்றுதான் சொல்லத் தெரியும். வீட்டுக்கு வந்து மளிகைக்கடை காலண்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேதி கண்டுபிடித்தோம். சர்வே ஃபீல்டு புக்கைக்கூட நான் அவ்வளவு கவனமாக எழுதியதில்லை. பெரியாஸ்பத்திரிச் சீட்டையும் சேர்த்துக் கொடுத்தோம்.

வழக்கை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் அவர்கள் பங்காளிகள் எங்களோடு பேசவில்லை, எங்கள் ஆட்டை அவர்கள் வரப்பில் விடவில்லை. "ஊர் வம்பை விலைக்கு வாங்கவா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று அப்பா கத்தினார். ஆனால் அந்த ஆள் குடித்துவிட்டு எங்கள் வாசலில் வந்து நின்ற அன்று, விடியும்வரை கட்டிலை வாசலில் போட்டு உட்கார்ந்திருந்ததும் அப்பாதான்.

அடிக்கக் கூடாது, வீட்டைவிட்டுத் துரத்தக் கூடாது என்று உத்தரவு வந்தது. மீறினால் ஒரு வருடம்வரை ஜெயில் அல்லது 20,000 ரூபாய்வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். அவர் குடியை விடவில்லை. கை ஓங்குகிறார், பிறகு இறக்கிக்கொள்கிறார். அக்கா அதே வீட்டில்தான் இருக்கிறார். ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், உத்தரவு நகல் எல்லாம் எங்கள் டிரங்குப் பெட்டியில், என் டிராயிங் ஷீட்டுகளுக்கு அடியில் இருக்கின்றன.

போன மாதம் ஒரு சாயங்காலம் அக்கா பின்கதவு வழியாகவே வந்தார். கூட அவர் சின்னம்மா மகள். "கண்ணு, அந்தக் காலண்டர் இன்னும் இருக்கா?" என்றார். எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.