தாயிஃபிலிருந்து திரும்பிய நடை

கதீஜா (ரலி) அவர்களையும் பெரிய தந்தை அபூதாலிபையும் இழந்த துயர ஆண்டில் நபி (ஸல்) அவர்கள் தாயிஃப் சென்றார்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள மலையூர் அது. அங்கே கிடைத்தவை ஏளனமும் கல்லடியும். இதை நம் பிள்ளைகளும் அறிவர்.

திரும்பிய வழியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. கவலை தோய்ந்தவர்களாய் நடந்ததையும், கர்னுஸ் ஸஆலிபை அடைந்த பிறகே தம் நிலைக்கு மீண்டதையும் அவர்களே ஆயிஷா (ரலி) அவர்களிடம் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. நஜ்துவாசிகள் இஹ்ராம் கட்டும் கர்னுல் மனாஸிலே அவ்விடம் என்பர் அறிஞர். தாயிஃபிலிருந்து பல மணி நேர நடை. மலைகளின் வானவர் வந்து, அம்மக்களை மலைகளுக்கிடையே நசுக்கிவிடவா என வினவியதும் அங்கேதான். அவர்களின் சந்ததியில் அல்லாஹ்வை மட்டும் வணங்குவோர் தோன்றுவர் என்ற நம்பிக்கையே விடையாக வந்தது.

நபியின் பொறுமை நடையால் விளைந்தது என்று சொல்ல நாம் துணியோம். ஆனால் துயரம் தணியுமுன் தீர்ப்புச் சொல்ல விரையும் நம் ஜமாஅத் கூட்டங்களை நினைக்கையில், அந்த நெடுவழி கண்முன் வருகிறது.

மதரஸா விடுமுறைகளில் மூத்த மாணவர்களுடன் காயல்பட்டினத்திலிருந்து தெற்கே, திருச்செந்தூர் நோக்கிக் கடலோரமாக நடப்பது நம் வழக்கம். ஸுப்ஹு தொழுதவுடன் புறப்படுவோம். மூவர் பயணம் சென்றால் ஒருவரை அமீராக்க வேண்டும் என்பது அபூதாவூதில் உள்ள நபிமொழி. அதன்படி மாணவர் ஒருவரே அமீர். மணலில் மூன்று மைல் நடந்தால் யார் தலைவர், யார் வெறும் குரல் பெரியவர் என்பது தெரிந்துவிடும்!

சென்ற முறை வாப்பாவை இழந்து நாற்பது நாள்கூட ஆகாத மாணவர் ஒருவரும் வந்திருந்தார். வீட்டில் எவரிடமும் பேசுவதில்லை, உறக்கமும் இல்லை என்று அவருடைய உம்மா கவலைப்பட்டிருந்தார். (உறக்கமின்மை நீடித்தால் மருத்துவரிடம் காட்டுமாறு கூறியிருந்தோம், நடை அதற்கு மாற்றாகாது.) முன்னால் விரைந்துகொண்டிருந்த அமீர், அவர் பின்தங்குவதைக் கண்டு தாமும் பின்வரிசைக்கு வந்துவிட்டார். பயணங்களில் நபி (ஸல்) அவர்கள் பின்னால் வந்து பலவீனரை ஊக்கி அழைத்து வருவார்கள் என்று முந்தைய வாரம் பாடத்தில் படித்திருந்தோம். அமீர் ஆறுதல் ஏதும் சொல்லவில்லை. அவருடைய பையை வாங்கித் தம் தோளில் மாட்டிக்கொண்டார், அவ்வளவே.

வீரபாண்டியன்பட்டினம் வரை இருவரும் பேசவில்லை. திரும்பும்போது அம்மாணவர், தம் வாப்பா கட்டுமரத்தில் ஏற்றிச் சென்ற ஒரு நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். நாம் சற்று முன்னால் நடந்தோம்.