காக்கா மரம்

விரால் மீனுக்குக் காற்று வேண்டும். செவுள் மட்டும் அதற்குப் போதாது. இடைக்கிடை நீர்மட்டத்துக்கு வந்து, வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகும். அந்த ஒரு கணத்தில் எழும் சிறு வட்டத்தைப் பார்த்து, மீன் எவ்வளவு பெரியது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லக்கூடியவர்கள் வன்னிக் குளங்களில் இருக்கிறார்கள். தூண்டில் தடியைக் காசு கொடுத்து வாங்கலாம். அந்தக் கண்ணை வாங்க முடியாது.

கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கியது. அணைக்கட்டு பின்னர் பல தடவைகள் உயர்த்தப்பட்டது. கடைசிப் புனரமைப்பு முடிந்த 2018 டிசம்பரிலேயே குளம் நிரம்பி, வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்கள் பல வெள்ளத்தில் மூழ்கின. வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் குளம் என்றே நாம் இதை எழுதிப் பழகிவிட்டோம். அதில் மீன் பிடித்துச் சீவிப்பவர்களை அவ்வளவாகக் கவனித்ததில்லை. 1952இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாதான் நம் குளத்து வலைகளில் பெரும்பாலும் ஏறுகிறது. விரால் பழைய குடி. அதைப் பிடிப்பதற்கு வேறு பொறுமை வேண்டும்.

கொழும்பு நண்பர் ஒருவர் விரால் பிடிக்க ஆசைப்பட்டார். அவரிடம் விலையுயர்ந்த தடியும், ஒரு பெட்டி நிறைய றப்பர் தவளைகளும் இருந்தன. முள் புல்லில் சிக்காதபடி செய்யப்பட்ட அந்தத் தவளைகள் அமெரிக்காவில் பாஸ் மீனுக்குப் பேர்போனவை. அங்கே றே ஸ்கொட் என்பவர் 1968இல் பாஸ் பிடிப்போருக்கு ஒரு சங்கம் அமைத்து, 1972 முதல் தன் போட்டிகளில் பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடும் வழக்கத்தைப் பரப்பினார். நண்பரும் அந்தக் கொள்கைக்காரர்.

எங்களைக் கூட்டிப்போனவர் அறுபதைத் தாண்டிய மீனவர். வள்ளம் கரையை விட்டதும் என்னிடம் கேட்டார்:

"தம்பி எந்த ஊர்?"

"புத்தளம், அண்ணை."

"அதுக்கு முந்தி?"

"கிளிநொச்சி."

அவர் தலையாட்டினார். வேறொன்றும் கேட்கவில்லை. சற்று நேரத்தில், நீருக்கு மேலே ஒரு பட்ட கொப்பு மட்டும் தெரிந்த இடத்தைக் காட்டி, "இது காக்கா மரம்" என்றார். காகம் குந்துவதால் வந்த பெயர் என்றே நினைத்தேன். "இல்லைத் தம்பி, உங்கட ஆக்களில ஒரு காக்கா. எனக்குத் தூண்டில் பழக்கினவர். இதிலதான் வள்ளத்தைக் கட்டுவார். நாங்கள் ரெண்டு மூண்டு பேர் இப்பவும் அப்பிடித்தான் சொல்லுறது" என்றார்.

அல்லிப் படர்ந்த ஓரத்தில் நீர் செம்மஞ்சளாய்க் கொதிப்பதுபோலத் தெரிந்தது. விரால் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில். நண்பர் தடியை ஓங்கினார். மீனவர் துடுப்பைக் குறுக்கே நீட்டினார்.

"அதில எறியாதேங்கோ. தாயும் தகப்பனும் கீழ காவல் நிக்குதுகள்."

"நான் கொல்லமாட்டேன். பிடித்துவிட்டு விட்டுவிடுவேன்" என்றார் நண்பர்.

"நீங்கள் விடுறதுக்குள்ள குஞ்சுகளை மற்ற மீன் திண்டு முடிச்சிடும். காவல் நிக்கிறதைத் தொடப்படாது எண்டு காக்கா சொல்லித் தந்தவர்."

அந்த மீன் இரையென்று எண்ணித் தவளையைக் கவ்வுவதில்லை. குஞ்சுக்கு ஆபத்தென்று நினைத்தே பாய்கிறது. அதைப் பிடிப்பது இலகு என்பதும் அதனால்தான். இஹ்ராம் அணிந்தவருக்கும் நீர் வேட்டையை அனுமதித்த மார்க்கம் நம்முடையது. ஆனால் உண்ணும் தேவையின்றி வேடிக்கைக்காக ஓர் உயிரை வதைப்பதை அது விரும்புவதில்லை. கிதாபு விரித்துப் பேச வேண்டிய இந்த விஷயத்தை, பெயர் தெரியாத அந்தக் காக்கா தூண்டில் பழக்கும்போதே சொல்லிக் கொடுத்திருக்கிறார். கேட்டுக்கொண்டவர் முஸ்லிமும் அல்லர்.

1990இல் இரண்டு காரியங்கள் நடந்தன. பௌத்த உணர்வுகளைக் காரணம் காட்டி, நன்னீர் மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை அரசு நிறுத்திக்கொண்டது. 1994இல் அது மீண்டும் தொடங்கி, 1999இல் 'நக்டா' எனப்படும் அதிகாரசபையும் உருவானது. அதே 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள், 70,000க்கும் மேற்பட்டோர், வெளியேற்றப்பட்டார்கள். முன்னையதை நான்கு வருடங்களில் திருத்த முடிந்தது. பின்னையதற்கு 2009க்குப் பிறகுதான் வழி திறந்தது. அதற்குள் ஒரு தலைமுறை புத்தளத்தில் வளர்ந்துவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்குப் புத்தளம் களப்பின் ஆழம் தெரியும். இரணைமடுவில் எந்தக் காற்றுக்கு எந்தக் கரையில் மீன் ஒதுங்கும் என்று தெரியாது.

வெளியேற்றத்தைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். வீடு, காணி, நகை, கடை, பள்ளிவாசல் எல்லாம் நம் எழுத்தில் உண்டு. தொழில் அறிவு என்ற சொத்தை மட்டும் இழப்புகளோடு சேர்த்து எழுத மறந்துவிட்டோம். காணிக்கு உறுதி இருக்கும், பள்ளிக்குச் சுவராவது மிஞ்சும். குளத்தை அறிந்தவன் போனால் அந்த அறிவுக்கு எந்தத் தடயமும் இராது. இங்கே அது தப்பியிருக்கிறதென்றால், ஒரு தமிழ்ப் பையன் முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் அதைக் கேட்டுவைத்ததால்தான். போர், இடப்பெயர்வு எல்லாவற்றையும் கடந்து, அவர் அதைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். யாரிடம் கற்றேன் என்பதையும் மறைக்கவில்லை.

அன்று நண்பருக்கு ஒரு விரால் கிடைத்தது, குஞ்சில்லாத இடத்தில். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கும்படி மீனவர் சொன்னார். நண்பர் மறுக்கவில்லை.

மீள்குடியேறிய நம் இளைஞர்கள் சிலர் குளத்தில் தொழில் செய்ய விரும்புகிறார்கள். சங்கம், அனுமதி, வள்ளம் என்று அவர்களுக்கு முன்னால் பல படிகள் உண்டு. ஆனால் அந்த மனிதருக்கும் வயதாகிறது. அவரிடம் இருப்பதைக் கேட்டு வாங்க மனுப் போடத் தேவையில்லை. விடியற்காலையில் போய், அவருடைய வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தால் போதும்.