பந்தலடி

மன்னார்குடியில் எங்கள் வீட்டுக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது. திண்ணையில் நின்றால் நடை, முற்றம், கூடம், அடுப்படி எல்லாவற்றையும் தாண்டிக் கொல்லைக் கதவின் வெளிச்சம் தெரியும். கதவுக்கு அப்பால் கிணறு, துவைகல், மாட்டுக்கொட்டில், மூலையில் ஒரு தென்னை. மிஞ்சிய தரையில் இரண்டு கயிற்றுக் கட்டில் போடலாம், அவ்வளவுதான். அந்த இடத்தில் அப்பாயி அவரை, புடலை, பீர்க்கு, பாகல், சுரை என்று ஐந்தையும் ஏற்றினாள். வேர் வைக்கச் சுவரோரம் ஒரு முழக் குழி போதும். காய்க்க மேலே வானம் கிடந்தது.

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்துவிட்டார்கள் என்றால் பாமணியாற்றுக்குப் புதுத் தண்ணீர் வந்து ஊர்க் கிணறுகளில் ஊற்று ஏறும். பந்தல் வேலையும் அப்போதே தொடங்கும். மூலைக்கால்களுக்கு மூங்கிலை அப்பாயி ஒத்துக்கொள்ள மாட்டாள். இரண்டு மழைக்காலத்தில் அதன் அடி இற்றுப்போகும். ஒதியம்போத்துகளைத்தான் நடச் சொல்லுவாள். அவை வேர்விட்டுத் தழைக்கும். தழையை அவ்வப்போது கழித்துவிட்டால் கால்கள் ஆண்டுக்கணக்கில் நிற்கும். மேலே மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்கும் பரப்பித் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டுவார்கள். உயரம் ஆளுக்கு மேலே ஒரு சாண். குறைந்தால் புடலை தரையைத் தொடும், கூடினால் பறிக்கக் கை எட்டாது.

ஆடிப்பெருக்கை ஒட்டி விதை ஊன்றுவோம். பீர்க்கு, சுரை விதைகளை முந்தைய ஆண்டே சாணத்தில் பொதிந்து கொட்டில் சுவரில் வரட்டியாக அறைந்து வைத்திருப்பாள். அதைப் பெயர்த்து உடைத்து விதை பொறுக்குவது பிள்ளைகள் வேலை.

பந்தல் தெருவில் பல வீடுகளில் இருந்தது. அப்பாயி பந்தலின் அடர்த்தி எங்கும் இல்லை. எந்தக் கொடி எதைக் கொண்டு பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவரைக்குப் பற்றுக்கம்பி கிடையாது. தண்டே சுற்றிச் சுற்றி ஏறும். அதனால் அதற்கு விரல் பருமனில் சொரசொரப்பான கொம்பு ஊன்றுவாள். அது சுற்றுவது ஒரே திசையில்தான். யாராவது மாற்றிச் சுற்றிவிட்டால் மறுநாள் நுனி பிரிந்து தொங்கும். “தலையத் திருப்பி வுடாதடா ராசா, போற பக்கம் அதுக்குத் தெரியும்” என்பாள். பாகலும் பீர்க்கும் வேறு சாதி. கணுவில் கிளம்பும் பற்றுக்கம்பிக்குத் தடித்த கொம்பு பிடிபடாது. அவற்றுக்குக் காய்ந்த மிளாறும் மெல்லிய கயிறும் வேண்டும்.

சுரையிடம்தான் கண்டிப்பு அதிகம். பந்தலைத் தொடும்வரை பக்கக் கிளை எதையும் விடமாட்டாள். தொட்டதும் தலை நுனியைக் கிள்ளிவிடுவாள். தாய்க்கொடியில் பெரும்பாலும் ஆண் பூதான் வரும், பக்கக் கிளைகளில்தான் பிஞ்சோடு பெண் பூ நிறைய வரும். அப்பாயி பள்ளிக்கூடம் போனவள் இல்லை. பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கிறதா, வெறும் காம்பா என்று பார்த்தே இதைக் கற்றிருந்தாள்.

பிற்காலத்தில் சார்லஸ் டார்வின் 1865இல் ஏறுகொடிகளைப் பற்றி எழுதியதை வாசித்தபோது எங்கள் கொல்லையில் நிற்பதாகவே இருந்தது. பற்றுக்கம்பி முதலில் நீண்டு துழாவும். பிடி கிடைத்ததும் சுருளும். இரண்டு முனையும் கட்டுண்ட பிறகு ஒரே பக்கமாகச் சுருள முடியாது, முறுக்கிக்கொள்ளும். அதனால் பாதியில் திசை மாறி, மீதியை எதிர்ப்பக்கமாகச் சுருட்டிக்கொள்ளும். அந்தச் சுருள் காற்றில் நீண்டு கொடுக்கும், மறுபடி இழுத்துக்கொள்ளும், அறுந்து போகாது. பாகல் கொடியில் அந்தத் திசை மாறும் இடத்தை இன்றும் எந்தக் குழந்தைக்கும் காட்டலாம்.

அதன் வலுவை எங்கள் ஊர் கண்ணால் பார்த்தது 1977இல். நவம்பர் 12 விடியலில் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறிய புயலில் தென்னைகள் சாய்ந்தன, கூரைகள் பறந்தன. எங்கள் பந்தல் ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது. பாகலின் இலைகள் எல்லாம் கிழிந்து போயிருந்தன; கொடி மட்டும் பிளாச்சை விடவில்லை. வெட்டி எறிந்துவிடலாம் என்று சித்தப்பா அரிவாளோடு வந்தார். “வேரு மண்ணுலதானே இருக்கு, எடு கையை” என்று அப்பாயி தடுத்துவிட்டாள். பிளாச்சுகளை அப்படியே கவைக்கொம்புகளால் முட்டுக்கொடுத்துத் தூக்கினார்கள். அவரை அந்த மார்கழியிலேயே பூத்தது. ஊரில் காய்கறிக்குத் தட்டுப்பாடாக இருந்த அந்தத் தைப்பொங்கலுக்கு எங்கள் தெருவில் பாதி வீட்டுக் குழம்பில் அந்த அவரைதான்.

பந்தலுக்கு அடியில்தான் வீடே இருந்தது என்று சொல்லலாம். புரட்டாசி வெயிலில் கூடத்தைவிட அங்கே குளுமை. அம்மா அரிசி புடைத்ததும் நாங்கள் வாய்ப்பாடு ஒப்பித்ததும் அங்கேதான். புடலைப் பிஞ்சு ஒரு சாண் நீண்டதும் நேராக வளர நுனியில் வாழைநாரால் சிறு கல் கட்டுவாள். குனியாமல் நடந்தால் நெற்றியில் இடிக்கும். சாயங்காலம் பீர்க்கம்பூ மஞ்சளாக விரிந்தால் விளக்கேற்றும் நேரம் நெருங்கிவிட்டது என்று பெண்கள் எழுந்திருப்பார்கள். புடலைப்பூ இருட்டிய பிறகு திறக்கும். ஓரமெல்லாம் நூல் பிரித்த வெள்ளைத் துணி போல இருக்கும் அந்தப் பூவைத் தேடி அந்துப்பூச்சிகள் வரும். அரிக்கேன் விளக்கை மறைத்துப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறோம்.

அடுப்படியில் எதுவும் வீணாகாது. பீர்க்கங்காய் கூட்டானால் அதன் தோல் துவையல். முற்றவிட்டதன் நார்க்கூடு உடம்பு தேய்க்க. அசுவினி அப்பிய அவரைக்கு மருந்து, பனி ஈரம் காயும் முன் தூவும் அடுப்புச் சாம்பல். பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் கிணற்றடியிலிருந்து வாய்க்காலாக வேருக்கே போகும். மார்கழித் திருவாதிரைக் களிக்கு வைக்கும் ஏழுகறிக் குழம்புக்கு வாழைக்காயும் கிழங்கும் கடையில் வாங்குவோம். அவரை மட்டும் வாங்கியதே இல்லை.

அந்தக் கொல்லை இப்போது சிமெண்ட் தளம். வீடு கைமாறியதில் கிணற்றையும் மூடிவிட்டார்கள். அதைவிட எனக்கு ஆறாதது அந்த அவரை விதை போனது. ஆடியில் ஊன்றி, பகல் குறுகும் காலம் வரை இலையும் கொடியுமாகவே காத்திருந்து, பனியில் பூத்து மாசி வரை காய்க்கும் கொடியவரை அது. இன்று எல்லாக் காலத்திலும் காய்க்கிற, பந்தலே வேண்டாத செடியவரை வகைகள் வந்துவிட்டன. விற்கப் பயிரிடுகிறவர்களுக்கு அது பெரிய வசதி, மறுக்கவில்லை. ஆனால் பனிக்காலத்து அவரையின் மணம் அதில் இல்லை.

எங்கள் அவரைக்குப் பூ ஊதா. காய் பச்சை, இரண்டு ஓரமும் கருஞ்சிவப்பு. அகலம் பெருவிரல் அளவு. விதை கறுப்பு, மேலே வெள்ளை மூக்கு. மன்னார்குடி, வடுவூர், நீடாமங்கலம் பக்கம் யார் வீட்டுக் கொல்லையிலாவது இந்தக் கொடி இன்னும் ஏறிக்கொண்டிருந்தால், ஒரு கைப்பிடி விதை முற்றவிட்டு வையுங்கள். ஆடிக்கு முன் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.