வாடிவாசலும் கண்ணாடி இல்லாத கேமராவும்

மாட்டுப் பொங்கலன்று பாலமேட்டில், ஜல்லிக்கட்டு நடக்கும் மஞ்சமலை ஆற்றுத் திடலில், வாடிவாசலைப் பார்த்தபடி பத்திரிகைக்காரர்களுக்கென்று ஒரு மேடை கட்டுகிறார்கள். கம்பும் பலகையும்தான். நல்ல இடம் வேண்டுமென்றால் விடியும் முன்பே வந்துவிட வேண்டும். முன்வரிசைக் கம்பில் இடுப்பைச் சாய்த்து, பக்கத்து ஆளின் முழங்கை விலாவில் இடிக்க, நீள லென்ஸ்களை வாடியை நோக்கிப் பிடித்து நிற்கிறார்கள். முக்காலி விரிக்க இடமில்லை. எல்லாம் கைப்பிடியில்தான்.

அவர்கள் காத்திருப்பது மிகச் சின்னப் பொழுதுக்காக. வாடிக்குள் மூக்கணாங்கயிறு அறுபடுகிறது. காளையின் தலை வெளியே தெரிகிறது. இரு பக்கமும் ஒட்டி நிற்கும் மாடுபிடி வீரர்களில் ஒருவர் திமிலை நோக்கிப் பாய்கிறார். காளை தாவும், அல்லது நின்ற இடத்திலேயே சுழலும். பிடி கிடைத்ததா நழுவியதா என்பது ஓரிரு நொடிக்குள் தெரிந்துவிடும். மறுநாள் முதல் பக்கத்துக்கு வேண்டிய படம் அந்த ஓரிரு நொடிக்குள்தான் எங்கேயோ கிடக்கிறது. திமிலில் கை, தரையை விட்டு எழுந்த கால்கள், ஆளின் முகம், காளையின் கண், இத்தனையும் ஒன்றாக அமைந்தால்தான் அது படம்.

விளையாட்டுப் படம் எடுப்பவர்கள் கூடினால் சில வருஷங்களாக ஒரே பேச்சு: டி.எஸ்.எல்.ஆரா, மிரர்லெஸ்ஸா? விளம்பரங்களில் அது நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கோடு முடிந்துபோகிறது. வேலை பார்க்கிறவர் கையில் அது என்னவாகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த மேடையில் ஏறினேன்.

எனக்கு ஓரடி இடம் ஒதுக்கிக் கொடுத்தவர் மதுரையில் ஒரு நாளிதழுக்கு வெகு காலமாகப் படம் எடுப்பவர். மேடையில் எல்லோருக்கும் அவர் அண்ணன். கையில் நிக்கான் டி5, 70-200 லென்ஸ். 2016ல் வந்த கேமரா, நொடிக்கு 12 படம் எடுக்கும். பிடியில் ரப்பர் உரிந்த இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தார். அவருக்கு இரண்டு ஆள் தள்ளி, தனியாக வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர். படத்துக்கு இவ்வளவு என்று பத்திரிகைகளுக்குக் கொடுப்பவர். கழுத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய நிக்கான் டி500, கையில் பொங்கல் நாட்களுக்காக வாடகைக்கு எடுத்த இசட்9. அது நிக்கானின் மிரர்லெஸ் கேமரா, உள்ளே கண்ணாடி இல்லை. இயந்திர ஷட்டர்கூட இல்லை.

டி.எஸ்.எல்.ஆருக்குள் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கிறது. லென்ஸ் வழியே வரும் ஒளியை மேலே திருப்பிக் கண்ணுக்குக் கொண்டுவருவது அதுதான். அதன் பின்னால் இன்னொரு குட்டிக் கண்ணாடி கொஞ்சம் ஒளியைக் கீழே, ஃபோகஸ் பார்க்கும் சென்சாருக்கு அனுப்புகிறது. பட்டனை அழுத்தியதும் இரண்டும் மேலே மடங்க வேண்டும், ஷட்டர் திறந்து மூட வேண்டும், கண்ணாடி திரும்ப இறங்கி அதிராமல் நிற்க வேண்டும். டி5 இத்தனையையும் ஒரே நொடியில் பன்னிரண்டு முறை செய்து முடிக்கிறது. மனிதர்கள் செய்த இயந்திரங்களில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் அந்தக் கண்ணாடிப் பெட்டி ஒன்று. ஆனால் கண்ணாடி மேலே இருக்கும் நேரமெல்லாம் வியூஃபைண்டர் இருட்டு. ஃபோகஸ் சென்சாருக்கும் ஒன்றும் தெரியாது.

"எடுத்த படத்தை நான் பாத்ததே இல்ல தம்பி. எடுக்காமப் போனதத்தான் கண்ணால பாத்திருக்கேன்" என்றார் அண்ணன்.

அப்படியே உண்மை. படம் பதிவாகும் கணத்தில் அவர் கண்ணுக்கு முன் இருட்டு. அவர் கண்ட கணங்கள் எல்லாம் பதிவாகாதவை. அதனால் அவருடைய தொழில் முழுக்க முன்கூட்டியே ஊகிப்பதில் இருக்கிறது. வலது கண் வியூஃபைண்டரில், இடது கண் திறந்தபடி வாடியின் ஓரத்தில். யார் குதிகாலை ஊன்றுகிறான், யார் தோளை முன்னே தள்ளுகிறான் என்று அந்த இடது கண் பார்த்துக்கொண்டே இருக்கும். மைக்கில் காளையின் ஊரும் உரிமையாளர் பேரும் சொல்லும்போது காதும் அங்கே போகும். சில ஊர்க் காளைகள் நின்று விளையாடும் என்று அவருக்குத் தெரியும். அப்படிப்பட்ட காளைக்கு லென்ஸைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து அகலமாக வைத்துக்கொள்கிறார். நேராகப் பாய்ந்து ஓடும் காளைக்கு அழுத்தமாக நாலைந்து படம், அவ்வளவுதான். விரலை எடுத்துவிடுகிறார். அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் இருட்டிலேயே காளை போய்விடும் என்கிறார். ஃபோகஸ் புள்ளிகள் நடுப்பகுதியில் குவிந்திருப்பதால் காளையை நடுவிலேயே வைத்து எடுத்து, பிறகு வெட்டிக்கொள்கிறார்.

இந்த இருட்டைப் போக்கக் கேமரா நிறுவனங்கள் ரொம்ப நாளாகப் போராடியிருக்கின்றன. 1965லேயே கேனான், பெலிக்ஸ் என்ற கேமராவில் அசையாத, ஒளி ஊடுருவும் மெல்லிய கண்ணாடியை வைத்துப் பார்த்தது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்காகச் செய்த எஃப்-1 அதே வழியில் பிலிமிலேயே நொடிக்கு 14 படம் எடுத்தது. ஆனால் வரும் ஒளியில் ஒரு பங்கை அந்தக் கண்ணாடி எப்போதும் பிரித்துக்கொள்ளும் என்பதால் அது பரவலாகவில்லை. 2017ல் சோனி ஏ9 வந்தபோதுதான் கதை மாறியது. நொடிக்கு 20 படம், இடையில் துளி இருட்டு இல்லை. 2020ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் புகைப்படக்காரர்களை மொத்தமாகச் சோனிக்கு மாற்றியது. அதே வருஷம் வந்த 1டிஎக்ஸ் மார்க் 3தான் தங்கள் முதல்தரக் கண்ணாடிக் கேமராக்களில் கடைசி என்று கேனான் பிறகு சொல்லிவிட்டது.

இளைஞர் இசட்9ஐ என்னிடம் கொடுத்தார். "அண்ணே, விரலை எடுக்காமப் பாருங்க" என்றார்.

அடுத்த காளை வந்தது. அழுத்தினேன். வியூஃபைண்டரில் ஒன்றுமே நிகழாததுபோல் காளை ஓடிக்கொண்டிருந்தது. சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் இடது பக்கத்திலிருந்து பாய்ந்தார். வலது கை திமிலுக்கு மேலாகப் போய், விரல்கள் தோலில் வழுக்கி, மடிப்பைத் தேடி மறுபடி இறுகுவதை நான் பார்த்தேன். காளை முன்னங்காலைத் தூக்கியபோது அவர் கன்னம் அதன் கழுத்தில் அழுந்தியது. அவ்வளவும் பதிவாகிக்கொண்டிருக்கும்போதே கண்ணுக்குத் தெரிந்தது. மிரர்லெஸ் விளையாட்டுப் படக்காரருக்குக் கொடுத்திருக்கும் பெரிய கொடை எண்ணிக்கையில் இல்லை, இங்கே இருக்கிறது என்று எனக்கு உறுதியாகப் பட்டது. பார்வை அறுபடாததால் காளை திரும்பும்போது கையும் கூடவே திரும்புகிறது. ஊகித்துத் திருப்ப வேண்டியதை இப்போது பார்த்தே திருப்பலாம்.

ஃபோகஸும் அப்படித்தான். படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் பார்ப்பதால் சட்டகத்தின் ஓரம் வரைக்கும் அது எட்டுகிறது. ஆளின் கண், விலங்கின் கண் என்று தேடிப் பிடிக்கவும் செய்கிறது. இந்தக் கேமராக்களின் கையேடுகளில் நாய், பூனை, பறவை என்று எழுதியிருக்கும். சிலவற்றில் குதிரை உண்டு. காளையை எழுதிய கையேடு எதையும் நான் பார்க்கவில்லை. ஆனாலும் தலை நிமிர்ந்து வரும் காளையின் கண்ணை அது பல தடவை பிடித்தது. தலையைத் தாழ்த்திக் கொம்பைக் காட்டி வந்தால் தடுமாறியது. தானாகவே தேடட்டும் என்று விட்டுவிட்டால் காளையை விட்டுவிட்டு வேலிக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்த ஒருவரின் முகத்துக்குப் போய்விடுகிறது. அதனால் இளைஞர் விலங்கு என்று மட்டும் அமைத்து, சதுரத்தைச் சின்னதாக்கி வைத்திருந்தார். திமிலில் தொங்கும் ஆளின் முகம் வேண்டுமென்றால் கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்கிறார். அந்தக் கட்டைவிரல் ஒரு நொடிகூட ஓயவில்லை.

இன்னொரு வித்தையையும் காட்டினார். பட்டனைப் பாதி அழுத்தி வைத்தால் கேமரா உள்ளுக்குள் படங்களை எடுத்து எடுத்து அழித்துக்கொண்டே இருக்கும். முழுதாக அழுத்தும்போது, அதற்கு முந்தைய ஒரு நொடி வரைக்கும் நடந்ததையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். இசட்9க்கு 2022ல் மென்பொருள் வழியாக வந்த வசதி, ஜேபெக் கோப்பாக மட்டும். காளையின் மூக்கு வாடியைத் தாண்டும் அந்த முதல் கணம் இந்த வசதி இருப்பவர் கைக்குத் தப்புவதில்லை. இது படம் எடுப்பதே இல்லை என்று மேடையில் ஒருவர் கோபப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனிதனின் விரல் கண்ணுக்குப் பிந்தித்தான் வேலை செய்யும். அந்தத் தாமதத்தை இயந்திரம் ஈடுகட்டுகிறது. எந்தப் பக்கம் நிற்பது, எவ்வளவு அகலம் வைப்பது, எந்த ஆளை நம்புவது என்பதையெல்லாம் அது முடிவு செய்வதில்லை.

புழுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விழுகிறவர்களுக்கு அடிபடாமலிருக்க வாடி முன்னால் தென்னை நார்க் கழிவைக் கொட்டிப் பரப்புகிறார்கள். நூறு காளைகள் மிதித்த பிறகு அது காற்றில் மிதக்கிறது. கண்ணாடிக் கேமராவில் லென்ஸைக் கழற்றினால் கண்ணாடியும் ஷட்டரும் சென்சாரை மறைத்து நிற்கும். மிரர்லெஸ்ஸில் பலவற்றில் சென்சார் திறந்தே கிடக்கும். இசட்9ல் அணைத்தால் மூடிக்கொள்ள ஒரு தகடு இருக்கிறது, ஆனால் மேடையில் அணைத்துவிட்டு மாற்றுமளவு பொறுமை யாருக்கு? பெரும்பாலோர் லென்ஸையே மாற்றுவதில்லை. இரண்டு பாடி வைத்துக்கொள்கிறார்கள்.

பேட்டரியிலும் கண்ணாடிக்குத்தான் வெற்றி. பொது அளவீட்டின்படி டி5க்கு ஒரு சார்ஜில் 3,780 படம். ஏ9க்கு வியூஃபைண்டரில் பார்த்தால் 480. தொடர்ச்சியாகச் சுடும்போது இதைவிட எவ்வளவோ கூடுதலாக வரும் என்றாலும், காத்திருக்கும் நேரமும் மின்சாரம் தின்னும் என்பதுதான் மிரர்லெஸ்ஸின் தொல்லை. அதை மிச்சம் பிடிக்க உறங்கவிட்டால், கண்ணை வைத்ததும் ஒரு கணம் கறுப்பாக நிற்கும். அந்தக் கணத்தில் காளை வந்துவிட்டால் போயிற்று. அண்ணனின் டி5ல் கண்ணை வைத்த மறுகணம் உலகம் இருக்கிறது. அது வெறும் கண்ணாடியும் ஒளியும்தானே.

மதியம் திடலுக்குப் பக்கத்தில் ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்து படம் பொறுக்கினார்கள். அண்ணன் கேமராவின் பின்திரையிலேயே பார்த்து, வேண்டியதை மட்டும் லாக் செய்து, ஐந்து படத்தை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இளைஞரின் லேப்டாப்பில் படங்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. நொடிக்கு 20 என்றால் மூன்று நொடிக் காளைக்கு 60 படம். நூறு காளைக்கு ஆறாயிரம். அடுத்தடுத்த இரண்டு படங்களில் விரல் ஒரு அங்குலம் நகர்ந்திருக்கும், இமை மூடியிருக்கும். எதை எடுப்பது, எதை விடுவது? மேடையில் மிச்சமான உழைப்பு திண்ணைக்கு வந்து காத்திருந்தது.

அங்கே வந்த கல்லூரி மாணவர் ஒருவர் தன் விலை குறைந்த மிரர்லெஸ்ஸில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினார். அருமையான பாய்ச்சல். ஆனால் வாடியின் இரண்டு தூண்களும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. ஓடும் காளையோடு கேமராவைத் திருப்பியிருக்கிறார், சத்தமில்லாத மின்னணு ஷட்டரில். சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. விலை குறைந்த பலவற்றில் முழுதும் படிக்க முப்பதில் ஒரு நொடிகூட ஆகும். மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இடையில் கேமரா நகர்ந்துவிடுவதால் நேரான தூண் சாய்கிறது. இசட்9 250ல் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் படித்து முடிப்பதால்தான் இயந்திர ஷட்டர் இல்லாமல் தப்பிக்கிறது. 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 மார்க் 3 எல்லாப் புள்ளிகளையும் ஒரே நேரத்தில் படிக்கிறது. அதில் இந்தச் சாய்வே வராது. அண்ணன் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தூணு சாஞ்சிருந்தா மாட்டோட உடம்பும் சாஞ்சிருக்கும்ல. பேப்பருக்கு வேணாம். அடுத்த தடவ மெக்கானிக்கல்ல வச்சு எடு."

மாணவர் தலையாட்டினார். செய்திப் படம் என்றால் இந்தக் கண்டிப்பு வேண்டும். உள்ளரங்கக் கபடிக்குப் போனால் இதே மின்னணு ஷட்டர் எல்.இ.டி. விளக்கின் துடிப்பைப் பட்டை பட்டையாகப் படத்தில் ஏற்றிவிடும். கேமராவைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது படிக்கும் வேகத்தை. நொடிக்கு எத்தனை படம் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இசட்9 போன்ற ஒரு பாடி ஐந்து லட்சத்தை ஒட்டி நிற்கிறது. படத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் ஒருவர் அதைச் சொந்தமாக்கக் கடன்தான் வாங்க வேண்டும். என்னைக் கேட்டால், கையில் டி500ஓ, கேனான் 7டி மார்க் 2ஓ நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்வரை கடன் வாங்காதீர்கள் என்பேன். நொடிக்கு 10 படம், பகல் வெளிச்சம், காளையைத் தெரிந்த கண் இருந்தால் முதல் பக்கத்துக்கு இன்னமும் போதும். காசு சேர்ந்தால் முதலில் நல்ல லென்ஸ். நிக்கானின் எஃப் மவுண்ட் லென்ஸ் நாளைக்கு அடாப்டரில் புதுப் பாடிக்கும் பொருந்தும். ஆனால் பழையவற்றுக்கு உதிரிபாகம் கிடைப்பது வருஷா வருஷம் கடினமாகும் என்பதையும் மறைக்க முடியாது. கொம்புக்கும் புழுதிக்கும் எதிரே நின்று படம் எடுத்துத் தருகிறவர்களுக்கு, அந்தப் படத்தை அச்சிடுகிற பத்திரிகைகள் பொங்கல் நாட்களிலாவது கேமரா வாடகையையும் காப்பீட்டையும் ஏற்க வேண்டும். அது சலுகை இல்லை, வேலைக்கான கூலியில் ஒரு பகுதி.

மறுநாள் அலங்காநல்லூர். வாடகையை இன்னொரு நாளுக்கு நீட்டிக்கச் சொல்லி இளைஞர் மதுரைக் கடைக்குப் போன் செய்தார். வாடி முன்னால் இசட்9, காளைகளை உரிமையாளர்கள் கயிறு போட்டுப் பிடிக்கும் கடைசித் திடலுக்கு டி500 என்று பிரித்துக்கொண்டார். "அங்கிட்டு மாடு ஒளியும், ஆளு ஓடும், அகல லென்ஸு கொண்டா" என்று அண்ணன் சொன்னதும், தன்னிடம் இல்லாத அந்த லென்ஸையும் வாடகைக் கணக்கில் சேர்க்கச் சொல்லிவிட்டு மீதிப் படங்களைப் பார்க்க உட்கார்ந்தார்.